பதில்: உடம்பு பெருத்திருந்தும் தொடையில் ஏன் பலமில்லை?

94 கிலோ எடையுள்ள உங்கள் அப்பா கதிரையை விட்டு எழும்பச் சிரமப்படுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எடை இருப்பதால் தொடையில் தசையும் இருக்கும் என்றில்லை. உடம்பு பெருத்தபடியே தசை கரையலாம். பத்து வருடச் சலரோகக்காரரான அவர் சிரமப்பட அதுவே காரணமாக இருக்கலாம்.

கொழுப்பு தசைக் கலங்களுக்குள்ளேயே சேரும்போது இன்சுலினின் சைகை குழம்புகிறது. சீனியை உள்ளே எடுக்கும் குளுட்-4 என்ற புரதம் கலத்தின் மேற்பரப்புக்குச் சரியாக வருவதில்லை. ஆனால் தசை சுருங்கினால், இன்சுலின் இல்லாமலே அது மேலே வரும். அதனால்தான், புட்டைக் குறைத்துவிட்டு விறாந்தையில் சாய்ந்திருந்தால் போதாது என்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து 5 தரம் இயன்றளவு விரைவாக எழும்பி, திரும்ப இருக்கச் சொல்லுங்கள். 15 செக்கனுக்கு மேல் எடுத்தால் தசைப் பலம் குறைவு என்று பொருள். அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் ஒழுங்கைக்குள் நடக்க விடுங்கள். நடந்த நாளும் நடக்காத நாளும் சீனியை அளந்து ஒப்பிடுங்கள்.

இன்சுலினோ கிளிக்கிளசைட் என்ற சலரோகக் குளிசையோ எடுப்பவரென்றால் சீனி சடாரென இறங்கலாம், கவனம். ஒரு தொடை மட்டும் நோவோடு மெலிந்தாலோ, கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்கிய பின் தசை நோ வந்தாலோ கதை வேறு, கிளினிக்கில் காட்டுங்கள்.