மனைவியின் பிறந்தநாள் வருகிறது… கையில் 400 ரூபாய்தான் இருக்கிறது!

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 35. சொந்த ஊர் தேனிப் பக்கம். 11 வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலராக இருக்கிறேன். மனைவிக்கு 31 வயது. அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்.

இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்குப் பிறந்தநாள். அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அவள் வீட்டில் நான்கு பெண்கள். இவள் மூன்றாவது. பிறந்தநாள் என்பது பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருக்கிற ஒரு தேதி, அவ்வளவுதான். யாரும் அதைக் கொண்டாடியதில்லை. கல்யாணமான முதல் வருடம் நான் அரை கிலோ கேக் வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்து தன் பெயரைப் பார்த்ததும், அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த நாளை ஒரு வருடம்கூட விடக்கூடாது என்று. போன வருடம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில் 3,200 ரூபாய்க்குப் பட்டுச்சேலை மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வருடம் நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு எங்களுக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் சனிக்கிழமை 4,500 ரூபாய் வரை கையில் வாங்குவேன். இப்போது வாரத்தில் நான்கு நாள், அதுவும் ஒரு ஷிப்ட்தான். 2,000 வந்தால் பெரிது. வாடகை, ஸ்கூல் வேன், கேஸ் எல்லாம் போக எனக்கென்று மிஞ்சுவது 400 ரூபாய்.

இதில் ஒரு தப்பும் செய்துவிட்டேன். முதல் தடவை சம்பளம் குறைந்தபோது, "என்ன, கவர் இவ்வளவுதானா?" என்று கேட்டாள். "மீதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், மொத்தமாகத் தருவார்கள்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு காசும் வரப்போவதில்லை. கூட வேலை செய்கிறவரிடம் 2,000 ரூபாய் கைமாற்று வாங்கித்தான் ஒரு மாதம் ஓட்டினேன். அதுவும் அவளுக்குத் தெரியாது.

போன மாதம் என் சகலை, அவர் மனைவியின் பிறந்தநாளுக்கு ஹோட்டலில் பலூன் கட்டி, பெரிய கேக் வெட்டி, வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். என் மனைவி அதை இரண்டு தடவை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

வாரக் கடன் கொடுக்கிற ஒருவரிடம் விசாரித்தேன். 5,000 கேட்டால் 750-ஐப் பிடித்துக்கொண்டு 4,250 தருவார். வாரம் 500 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும். மனைவிக்கு மாதாமாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை வாங்கலாமா என்றுகூட யோசனை வந்தது. ஆனால் அதை அவள் மகளுக்காகச் சீட்டுப் போடுகிறாள்.

"என்ன வேணும்?" என்று அவளிடமே கேட்டால், "ஒண்ணும் வேணாம், ஒரு நாள் முழுசாத் தூங்கினாப் போதும்" என்று சிரிக்கிறாள். எங்கள் லைனில் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் ராத்திரியில்தான் வரும். அவள்தான் எழுந்து பிடிப்பாள்.

நேற்று மகள், "அம்மாவுக்கு எவ்வளவு பெரிய கேக்?" என்று கேட்டாள். அவளைக் கத்திவிட்டேன். குழந்தை பயந்து போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. கடன் வாங்கிவிடட்டுமா? இல்லை, கம்பெனியில் அவசர வேலை என்று சொல்லி அந்த நாளைத் தவிர்த்துவிடட்டுமா? நல்ல வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்.

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "அன்னைக்கு அப்பா உன்மேல கோவிச்சது தப்புடா, அப்பா வேற ஒரு கவலைல இருந்தேன்" என்று சொல்லுங்கள். இதற்குப் பத்து பைசா செலவில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது. மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கேக், சேலை, ஹோட்டல் என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "ஒரு நாள் முழுசாத் தூங்கினாப் போதும்" என்று அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். தம்பி, அவர் பதில் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நீங்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. பகலெல்லாம் நின்றபடி செக்கிங் பார்த்துவிட்டு, ராத்திரி குழாயில் சத்தம் வருகிறதா என்று அரைத் தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெண் தூக்கம் கேட்பதில் விளையாட்டு எதுவும் இல்லை.

2009-ல் ஃபிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்கிற ஆய்வாளர்கள் இருவர் பரிசின் விலையைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிச்சயதார்த்த மோதிரம், பிறந்தநாள் பரிசு இரண்டையும் பற்றிக் கொடுத்தவர்களிடமும் கேட்டார்கள், வாங்கியவர்களிடமும் கேட்டார்கள். விலை கூடக் கூட வாங்குகிறவர் அதைப் பெரிதாக மதிப்பார் என்று கொடுத்தவர்கள் நினைத்தார்கள். வாங்கியவர்களிடம் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. உங்கள் வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. முதல் வருட கேக்கைப் பற்றி எழுதும்போது, அவர் கத்தியைக் கீழே வைத்தது வரை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 3,200 ரூபாய்ச் சேலைக்கு விலை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்டிக்கொண்டு அவர் எப்படி இருந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவரை அழவைத்தது கேக்கின் அளவாக இருக்காது. தன் பெயரும் தன் தேதியும் ஒருவருக்கு ஞாபகம் இருந்ததுதான் அவரை உலுக்கியிருக்கும்.

அப்படியிருக்க, உங்களுக்கு ஏன் இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது? பிறந்தநாளுக்காக மட்டும் யாருக்கும் இப்படித் தூக்கம் கெடாது. "மீதியை மொத்தமாகத் தருவார்கள்" என்று சொன்னீர்களே, அந்தப் பொய்க்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை தவணை தேதி மாதிரி வந்து நிற்கிறது. பிடித்து வைத்த காசு வந்துவிட்டது என்று காட்டவே உங்களுக்குப் பெரிய கேக் தேவைப்படுகிறது. கேக்கைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தால் வழி கிடைக்காது.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காசு முடை வந்தால் புத்தி ஓடாது என்பது நிஜம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்கு யோசனைத் திறனைச் சோதிக்கும் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடை காலத்தில் அதே மனிதர் குறைவாகத்தான் செய்தார். கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கவரைப் பார்த்து மனைவி கேட்ட அந்த நொடியில் வாயில் வந்ததை நீங்கள் சொன்னதும், குழந்தையைக் கத்தியதும் அந்த நெருக்கடியில் வந்தவைதான். காரணம் இருக்கிறது என்பதற்காகப் பொய்யை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

ஆகவே பிறந்தநாளுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். அந்த நாளிலோ முந்தின நாளிலோ சொன்னால் பிறந்தநாள் முழுக்க அந்தப் பேச்சாகவே போய்விடும். சனிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம், கவர் கையில் இருக்கும்போது இரண்டு பேருக்குமே மனசு சுருங்கித்தான் இருக்கும். வருகிற ஞாயிறு காலை, மகள் விளையாடப் போன பிறகு, டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். கம்பெனில காசு எதையும் பிடிச்சு வைக்கல. வேலையே அவ்வளவுதான் இருக்கு. ஒருத்தர்கிட்ட ரெண்டாயிரம் வாங்கியிருக்கேன். உன்கிட்ட சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு." இதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள். "உனக்காகத்தான் மறைத்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பழி அவர் தலைக்குப் போய்விடும். அவர் கோபப்படலாம். பணத்தைவிட, மறைத்ததற்குத்தான் கோபம் வரும். அது நியாயமான கோபம். எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள்: அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கலாம். அவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்தானே. ஆர்டர் இல்லை என்கிற பேச்சு செக்கிங் டேபிளுக்கு வராமலா இருக்கும்? நீங்களே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரோ என்னவோ.

சகலையின் வீடியோ விஷயமும் இப்படித்தான். உங்கள் மனைவி அதை இரண்டு தடவை பார்த்தார் என்பது மட்டும்தான் நடந்தது. "எனக்கு இப்படி ஒருத்தன் செய்யவில்லையே" என்று அவர் நினைத்தார் என்பது நீங்கள் எழுதிக்கொண்ட வசனம். சொந்தக்காரர்கள் யார் யார் வந்திருந்தார்கள் என்று பார்த்திருக்கலாம். நிஜமாகவே ஆசைப்பட்டும் இருக்கலாம், அதிலும் தப்பில்லை. அதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரக் கடன் வேண்டவே வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கையில் வருவது 4,250, கட்டுவது 5,000. உங்களுடைய 2,000 ரூபாய் வாரத்தில் 500 என்பது கால் பங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பத்துச் சனிக்கிழமை தலை குனிந்து வீட்டுக்கு வருவீர்கள், அதையும் மறைக்க இன்னொரு பொய் வேண்டியிருக்கும். உரிமைத் தொகையைத் தொடவில்லை என்பதில் எனக்கு உங்கள் மேல் மரியாதை. அந்தச் சீட்டு அப்படியே நடக்கட்டும். அவசர வேலை என்று சொல்லி அந்த நாளைத் தவிர்க்கிற யோசனையையும் விட்டுவிடுங்கள். அவருடைய அம்மா வீட்டில் அந்தத் தேதி வந்த சுவடு தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. காசில்லாத பிறந்தநாளை அவர் தாங்கிக்கொள்வார். யாரும் நினைக்காத பிறந்தநாள் பழைய இடத்திலேயே வலிக்கும்.

சரி, அந்த ஞாயிறு என்ன செய்யலாம்? சனி ராத்திரி அலாரத்தை நீங்கள் எடுத்து உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மகளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், வீடு அமைதியாக இருக்கட்டும். ஒரே அறை வீட்டில் தூங்குகிறவருக்கு அதுதான் பெரிய உதவி. எட்டோ ஒன்பதோ, அவராக எழுந்திருக்கிற வரை யாரும் எழுப்பக் கூடாது. சமையல் உங்களுடையது. சாதமும் ரசமும் ஒரு முட்டைப் பொரியலும் வைத்தாலே போதும். அவர் எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்குவார், கொடுக்காதீர்கள். பாத்திரம் கழுவுவதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சமைத்துவிட்டு அடுப்படியைப் போர்க்களமாக்கி வைத்தால் அவருக்கு அது விடுமுறையே இல்லை.

மகளுக்குக் கேக் ஆசை இருக்கிறது. பேக்கரியில் மூன்று பீஸ் கேக் வாங்குங்கள். அம்மாவின் பெயரை ஒரு சின்னத் தாளில் எழுதிக் குச்சியில் ஒட்டிக் குத்தி வைக்கிற வேலையை மகளிடம் விடுங்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கோணல் எழுத்து அவருக்குப் பிடிக்காமலா போகும்?

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேரும் அவிநாசிக் கோயிலுக்குப் போய் வாருங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போனால் அவருக்கு டிக்கெட் செலவு இல்லை. போன வருடச் சேலையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஊரில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அதே வயதுப் பிள்ளையை இழந்த துக்கம். அந்தத் தாய் தகப்பன் சுந்தரரைப் பார்க்க வரும்போது, துக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் முகம் மலர்ந்துதான் வந்தார்கள். அவர் அதோடு விடாமல், பிள்ளையை இழந்தவர்கள் நீங்கள்தானா என்று கேட்டார். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மகளுக்கு அந்தக் கதையை மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாம் சேர்த்து உங்கள் 400 ரூபாய்க்குள் அடங்கும், டீயும் பஜ்ஜியும் சேர்த்தே.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனைவியிடம் பேசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் இப்படியே முழிப்பு வந்தால், 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம். ஷிப்ட் குறைந்த உங்கள் நண்பர்களிடமும் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். இந்தக் கவலை உங்கள் ஒரு வீட்டில் மட்டும் இருக்காது.

அப்புறம், சனிக்கிழமை ராத்திரி உங்கள் லைனுக்குத் தண்ணீர் முறையா என்று பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முறை என்றால், குடத்தை உருட்டிச் சத்தம் போடாமல் நீங்கள் எழுந்து பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா