வலி இருக்கும்போது எல்லா முகமும் கடுகடுவென்று தெரிகிறதா?

நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பிறகு கணவர் சும்மா இருந்தாலும் முகம் சுளிப்பதுபோல் தெரிகிறது, மகள் சிரிப்பது கண்ணில் படுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். வலி கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சமுள்ள கவனம் தொல்லை எங்கே என்று தேடக்கூடும்.

இதை ஆய்வில் பார்ப்பது எப்படித் தெரியுமா? திரையில் வேதனை முகம் ஒன்றையும் சாதாரண முகம் ஒன்றையும் அரை விநாடி காட்டி, ஒன்றின் இடத்தில் புள்ளி வைப்பார்கள். எந்தப் பக்கத்துப் புள்ளியைச் சட்டென்று பிடிக்கிறோமோ, கவனம் அங்கே இருந்திருக்கிறது. நாள்பட்ட வலி உள்ளவர்கள் வேதனை முகத்தின் பக்கம் சாய்வது சில ஆய்வுகளில் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. அதனால் முழுப்பழியையும் வலி மேல் போடாதீர்கள். தூக்கக்கேடு, மனச்சோர்வும் இப்படிச் செய்யும். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், சந்தேகம் வந்தால் “கோபமா?” என்று கணவரிடமே கேட்டுவிடுங்கள்.