கேள்வி பதில்: தலையெழுத்தை இழந்த சொற்கள்

கேள்வி: எண்ணும் ஆறு, ஓடுவதும் ஆறு. இரண்டும் ஒரே சொல்லா?

பதில்: இல்லை. இரண்டுமே முதலெழுத்தைத் தொலைத்தவை, ஆனால் தொலைத்தது வேறு வேறு எழுத்து. நதியைக் குறிப்பது சங்கப் பாடல்களில் 'யாறு'. ஆண்டு, ஆடு, ஆமை ஆகியவையும் யாண்டு, யாடு, யாமையாக இருந்தவைதான். எண்ணுக்கு முன்னால் இருந்தது ச. மத்திய இந்தியாவின் கோண்டி மொழியில் ஆறு இன்றும் 'சாருங்'.

பக்கத்து வீட்டுத் தெலுங்கை வைத்தே இதைச் சோதிக்கலாம். தமிழில் 'ஆ' இருக்குமிடத்தில் தெலுங்கில் 'ஏ' வந்தால், தொலைந்தது ய என்று சந்தேகிக்கலாம்: ஆறு–ஏரு, ஆனை–ஏனுகு, ஆண்டு–ஏடு. எண்ணுக்குத் தெலுங்கிலும் 'ஆரு'தான். ஆடுதல் என்ற வினையும் அங்கே 'ஆடு'. இந்த இரண்டிலும் ய இருந்ததில்லை.

ச போனதைக் கண்டுபிடிக்கத் தெலுங்கு, கன்னடம் போதாது, அவையும் பல சொற்களில் அதை இழந்துவிட்டன. உப்பு மூன்றிலும் உப்புதான். கோண்டிக்குப் போனால் வட்டாரத்துக்கு வட்டாரம் சோவர், ஹோவர், ஓவர் என்று கிடைக்கிறது. ச தேய்ந்து ஹ என்ற வெறும் மூச்சாகி, மறைகிற மூன்று படிகளும் உயிரோடு நிற்கின்றன. மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1998-இல் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் ஹ-வுக்கு எழுத்தில்லாததால் நடுப்படி ஏட்டில் ஏறவே இல்லை.

வெளியிலிருந்து வந்த சொற்களும் தப்பவில்லை: சபை அவையானது, சமணர் அமணரானார், சிராவணம் ஆவணியானது. சஹஸ்ரம் நம்மிடம் ஆயிரம், கன்னடத்தில் இன்னும் சாவிர.

ஓர் எச்சரிக்கை. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக 'சாறு'தான் 'ஆறு' ஆயிற்று என்று முடிச்சுப் போடாதீர்கள். பொருளும் ஒத்துவர வேண்டும், மூன்றாவது மொழி ஒன்றும் சாட்சி சொல்ல வேண்டும். செவி, செய் போன்றவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கன்னடத்தில் கிவி, கெய். இவற்றில் தமிழின் ச என்பதே பழைய க.

கேள்வி: 'ஆனை' என்பது கொச்சைதானே?

பதில்: அப்படியானால் திருவானைக்காவையும் ஆனைமலையையும் திருத்த வேண்டியிருக்கும்! 'யானை' பழையது, 'ஆனை' பின்னது, அவ்வளவே. "ஆவோ டல்லது யகரம் முதலாது" என்கிறது தொல்காப்பியம். அப்போதே சொல்லின் முதலில் ய-வுக்கு இருந்த இடம் அந்த ஒன்றுதான். பிறகு பேச்சில் அதுவும் நழுவியது. இலங்கையில் 'யார்' என்பதை 'ஆர்' என்பது அதே வழி. பழைய பாட்டில் ய இருக்கிறதா என்று தேடுபவர்கள் இ, ஈ, ஐ-யில் முடியும் சொல்லை அடுத்து வருவதைச் சான்றாக எடுக்க வேண்டாம். 'மணியானை' என்பதில் உள்ள ய, யானையின் ய-வாகவும் இருக்கலாம், இரண்டு உயிரெழுத்துகளை இணைக்க இடையில் வரும் வெறும் உடம்படுமெய்யாகவும் இருக்கலாம். அடியின் தொடக்கத்தில் வருவதைப் பாருங்கள்.

கேள்வி: இறகும் சிறகும்?

பதில்: ஒரே வேர். ச போன வடிவமும் போகாத வடிவமும் சேர்ந்தே பிழைத்துவிட்டதால் வேலையைப் பிரித்துக்கொண்டன: பறக்க உதவுவது சிறகு, உதிர்ந்து கிடப்பது இறகு. இப்பி, சிப்பிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பேச்சில் சிப்பி மட்டுமே நிற்கிறது.