மூன்று வருட ‘லீகல் ஸ்டடீஸ்’: கட்டும் பணத்துக்குத் தகுமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வக்கீலாக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட பி.ஏ. லீகல் ஸ்டடீஸ் சேரச் சொல்கிறார்கள். வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய். அதை முடித்தால் எல்.எல்.பி.யை இரண்டே வருடத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். கடன் வாங்கித்தான் கட்ட முடியும். சேர்க்கலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: வக்கீலாவதுதான் லட்சியம் என்றால் சேர்க்காதீர்கள். ‘இரண்டே வருடம்’ என்று சொன்னது உண்மையல்ல. வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் முறைப்படுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 சட்டக் கல்வி விதிகளில் இரண்டே வழிகள்தான் உண்டு. பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பு, அல்லது ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்று வருட எல்.எல்.பி. நடுவில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்கு அந்த விதிகளிலேயே தடை இருக்கிறது. பி.ஏ.வில் ஒப்பந்தச் சட்டமும் அரசியலமைப்பும் படித்திருந்தாலும் எல்.எல்.பி.யில் மறுபடி படித்துத்தான் தேர்வு எழுத வேண்டும். லீகல் ஸ்டடீஸ் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சன்னது, அதாவது வக்கீலாகத் தொழில் செய்வதற்கான பதிவு, வாங்கவும் முடியாது.

ஆக, எல்.எல்.பி. சேர்க்கையைப் பொறுத்தவரை இந்தப் பட்டத்துக்கும் தமிழ் இலக்கியத்திலோ வணிகவியலிலோ வாங்கும் பட்டத்துக்கும் ஒரே மதிப்புதான். இதற்கு மட்டும் 6 லட்சம் ஏன் கொடுக்க வேண்டும்?

கடன் கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் 2 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் 2 லட்சத்துக்கு நான்கு வருடத்தில் 80,000, அடுத்ததற்கு 60,000, மூன்றாவதற்கு 40,000. தவணை தொடங்கும்போது கடன் 7.8 லட்சமாகியிருக்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத்துக்குச் சுமார் 10,300 ரூபாய்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில். அந்தத் தவணை தொடங்கும்போது உங்கள் மகள் எல்.எல்.பி. இரண்டாம் ஆண்டில் இருப்பாள், வருமானம் எதுவும் இருக்காது. மேற்படிப்புக்காகத் தவணையைத் தள்ளிப்போடச் சில வங்கிகள் சம்மதிக்கும், ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும். எந்தப் படிப்புக்குக் கடன் எடுத்தாலும் இதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படிப்பு முடிந்த கையோடு பெரிய வருமானத்தையும் எதிர்பார்க்க முடியாது. ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லா சீனியரும் அந்தத் தொகையைக் கொடுப்பதில்லை. 15,000 கிடைத்தாலும் தவணை போக மிஞ்சுவது 4,700 ரூபாய். பஸ், சாப்பாடு, கோர்ட்டுக்கான உடுப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் கலந்தாய்வு நடத்துகிறது. கட்டணமும் நீங்கள் சொல்வதில் ஒரு சிறு பகுதிதான். ஒரு வருடமும் மிச்சமாகும். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.காம். சேரட்டும். பிறகு எல்.எல்.பி. படித்து வரி, கம்பெனி வழக்குகள் பக்கம் போனால் கணக்கு தெரிந்திருப்பது கைகொடுக்கும். எல்.எல்.பி. வேண்டாம் என்று மனம் மாறினாலும் பி.காம். தனியாக நிற்கும்.

கேள்வி: மகன் இதே படிப்பில் இரண்டாம் வருடம் படிக்கிறான். நிறுத்திவிட்டு ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர்க்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம். இனி இருக்கும் ஒன்றரை வருடத்தோடு எல்.எல்.பி. மூன்றையும் சேர்த்தால் நாலரை வருடம். புதிதாகத் தொடங்கினால் ஐந்து. கட்டிய பணமும் போய்விடும். கவனம் மதிப்பெண்ணில் இருக்கட்டும். எல்.எல்.பி. சேரப் பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 45, ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் என்பது பார் கவுன்சில் வைத்திருக்கும் அடிமட்டம். பல்கலைக்கழகம் அதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம். நீதிமன்றத் தொழிலில் நாட்டம் இல்லாவிட்டால் கம்பெனி செக்ரட்டரி படிப்பைப் பார்க்கலாம். எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளும் உண்டு. எல்.எல்.பி.யைத் தபால் வழியில் முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், அதை வைத்து சன்னது கிடைக்காது.

கேள்வி: சட்டம் முடித்த கையோடு மாஜிஸ்திரேட் தேர்வு எழுத முடியுமா? சன்னதுக்கு எவ்வளவு ஆகும்?
- வாசகி, தேனி

பதில்: இப்போது முடியாது. மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த மூன்று வருடம் கணக்காகும், ஆகவே ரிசல்ட் வந்ததும் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். பதிவுக் கட்டணம் 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125. இதற்கு மேல் வேறு பெயரில் எதையும் பதிவுக்கு நிபந்தனையாக வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்திருக்கிறது. முத்திரைத்தாள் செலவும், வக்கீல்களுக்கான தகுதித் தேர்வான அகில இந்திய பார் தேர்வுக் கட்டணமும் தனி.