ஸ்போர்ட்ஸ் அனிமேயில் ஈகோ பிடித்தவர்களே ஏன் முன்னேறுகிறார்கள்?

ஈகோ என்றால் வெறும் திமிர் என்று எடுத்துக்கொண்டால் இதற்குப் பதில் கிடைக்காது. 'ப்ளூ லாக்' என்ற கால்பந்து அனிமேயின் தொடக்கத்தைப் பாருங்கள். மாகாண இறுதிப் போட்டி, ஒரு கோல் பின்தங்கிய நிலை, நாயகன் இசாகி கோல்கீப்பருக்கு நேரே பந்தோடு நிற்கிறான், பயிற்சியாளர் ஓதிய அணி ஒற்றுமை நினைவுக்கு வந்து பக்கத்தில் ஓடிவருபவனுக்குத் தள்ளிவிடுகிறான், அவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்ப, எதிரணி அப்படியே கொண்டுபோய் இன்னொரு கோல் போட்டுவிடுகிறது. அந்த பாஸ் வெளியே பெருந்தன்மை, உள்ளே தவறவிட்டால் பழி வருமோ என்ற பயம். அப்படித்தான் எனக்குப் படுகிறது. அந்தப் பயத்தை மீறித் தானே அடிக்கத் துணிவதுதான் இங்கே ஈகோ.

அப்புறம் போட்டி மனப்பான்மை. உளவியலாளர் ஜான் நிக்கல்ஸ் இரண்டு நோக்கங்களைப் பிரித்தார்: நேற்றைய தன்னைவிடத் தேறுவது, அடுத்தவனை மிஞ்சுவது. இரண்டாவது மட்டும் இருந்தால் ஒரு தோல்வியிலேயே ஆள் நொறுங்கிவிடுவான். இசாகி தன்னைவிடத் திறமையான போட்டியாளன் ரின்னிடம் தோற்றதும் ரின்னின் ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறான், இரண்டு நோக்கமும் அங்கே சேர்ந்தே ஓடுகின்றன.

நிஜத்திலும் இது உண்டு. ஆய்வாளர் கவின் கில்டஃப் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தன் பரம எதிரி கலந்துகொண்ட பந்தயங்களில் ஓட்டக்காரர்கள் கிலோமீட்டருக்குச் சுமார் 5 விநாடி வேகமாக ஓடியிருக்கிறார்கள்.

ஆனால் ஈகோ மட்டும் போதாது. 'ஹைக்யூ' என்ற வாலிபால் அனிமேயில், நடுநிலைப் பள்ளிக் காலத்தில் ககேயாமா என்ற வீரன் அடிப்பதற்காகத் தூக்கிக் கொடுத்த பந்துக்கு அவன் அணியில் ஒருவர்கூடக் குதிக்கவில்லை, பந்து வெறும் தரையில் விழுந்தது. அவனை மாற்றியது அறிவுரை அல்ல, எந்தப் பந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கும் ஹினாட்டா என்ற போட்டியாளன்தான்.