பிடித்த மீனை விடுவது ஏன்?

கே: இங்கிலாந்தில் ராத்திரி முழுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்து பிரீம், டென்ச் என்ற ஏரி மீன்களைப் பிடித்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறார்களாமே? எதற்கு இந்த வேலை?

ப: லெஸ்டரில் வேலை பார்த்தபோது நானும் இதையேதான் கேட்டேன். சக ஊழியர் ஒருவர் பழைய சரளைக் குவாரி ஏரிக்குக் கூட்டிப்போனார். தூண்டில் நூலில் வெறும் ஈயக்குண்டைக் கட்டி எறிந்து இழுத்து, அடியில் சேறா சரளையா என்பதைக் கை அதிர்விலேயே கண்டுபிடித்தார். அப்புறம் ஒரே இடத்தில் ரொட்டித்தூள், சோளம், புழு என்று தீனி. பிரீம் கூட்டமாக மேயும். தீனி தீர்ந்தால் நகர்ந்துவிடும். விடியற்காலையில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வந்தன. டென்ச் சேற்றைக் கிளறுகிறதாம். சிக்கிய டென்ச் 6 பவுண்டு எடை. ஆலிவ் பச்சை, குட்டிச் சிவப்புக் கண், வழவழவென்று. நம்ம கெண்டைக்குச் சொந்தம்தான். நனைத்த பாயில் கிடத்தி எடை பார்த்தார், விட்டுவிட்டார். “சாப்பிட?” என்றேன். “சேறு நாறும். அடுத்த வருஷம் 7 பவுண்டாக வரட்டும்” என்றார். எனக்கென்னவோ புளிக்குழம்பு ஞாபகமாகவே இருந்தது.