சரணாலயக் கண்மாயில் முள் வெட்டினேன். பணம் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

கேள்வி: செட்டிநாட்டில் பறவைகள் சரணாலயக் கண்மாயை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பத்தா காலத்திலிருந்து கண்மாய் முள்தான் எங்கள் வீட்டு விறகு. ஆடு மாடும் அங்கேதான் மேயும். மிஞ்சும் விறகைப் பலகாரம் போடும் வீட்டுக்குக் கொடுப்பேன். போன வாரம் விறகு, அருவாள், சைக்கிள் எல்லாவற்றையும் வனக்காவலர் எடுத்துப் போய்விட்டார். பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டால் கேஸ் இல்லை என்கிறார்கள். கட்டலாமா? இனி மாடு மேய்க்கவே முடியாதா?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, எழுதாத தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

முள்ளை எந்த இடத்தில் வெட்டினீர்கள்? உங்கள் கடிதத்தில் இல்லாதது இதுதான், வழக்கே இதில்தான் நிற்கிறது. நம் பக்கத்து வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. மொத்தமே 38.4 ஹெக்டேர், சுமார் 95 ஏக்கர். இவ்வளவு சின்ன சரணாலயங்களில் பத்தடி தள்ளி நின்றாலே சட்டம் மாறிவிடும். வி.ஏ.ஓ.விடம் புல வரைபடமும் அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் சர்வே எண் பதிவேடு) நகலும் வாங்கி, சரணாலய அறிவிக்கையில் உள்ள சர்வே எண்ணோடு ஒப்பிடுங்கள். வெட்டிய இடம் எல்லைக்கு வெளியே என்றால் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி எதையும் அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்கிற வனவிலங்குச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு உங்கள் மேல் பாயாது. கண்மாய் மரம் அரசு சொத்து என்ற பேச்சு அப்போதும் வரும். ஆனால் அது வேறு விவகாரம்.

உள்ளே என்றால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் விறகு எடுத்தது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். “சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதே கோர்ட்தானே” என்று என்னிடம் பலர் வாதாடியிருக்கிறார்கள். கூடு இருக்கிற மரம் நாட்டுக்கருவேலமா சீமையா என்று 29-ஆம் பிரிவு பார்ப்பதில்லை. அனுமதியோடு எடுத்த விறகையும் சரணாலயத்தைச் சுற்றியுள்ளவர்கள் சொந்தத் தேவைக்குத்தான் பயன்படுத்தலாம், விற்கக் கூடாது. ஆகவே பலகார வீட்டுக்குக் கொடுத்ததுதான் உங்கள் பலவீனம். அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லமாட்டேன். கேட்காததை நீங்களாக எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

பணம் கட்டி முடிப்பதை ‘காம்பவுண்டிங்’ என்பார்கள், அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு. கட்டினால் மேல் நடவடிக்கை கிடையாது. சிறு கட்டு விறகுக்கு, தொகையும் தாங்கக்கூடியதாக இருந்தால், நான் கட்டச் சொல்வேன். காரைக்குடிக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற பஸ் காசே அதைத் தாண்டிவிடும். ஆனால் எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை என்று எழுதிய உத்தரவையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். சைக்கிளையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் காம்பவுண்டிங் செய்யும் அதிகாரிக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள்.

மேய்ச்சல் விஷயத்தில் நல்ல செய்தி குறைவு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடுத்தது. அதே மாதம் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. நீங்கள் அந்தச் சுருக்கத்துக்குள்தான் வருகிறீர்கள். குடிக்கவும் வீட்டுக்கும் தண்ணீர் எடுப்பதை வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் குற்றத்திலிருந்து விலக்கிவிட்டது. குடத்தோடு போவதற்குப் பயம் வேண்டாம்.

நிரந்தர வழி 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதில் ‘வன நிலம்’ என்பதில் சரணாலயமும் அடங்கும். மேய்ச்சல், மீன் இரண்டையும் சமூக உரிமையாக, அதாவது ஊருக்கே பொதுவான உரிமையாகக் கேட்கலாம். பழங்குடியல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டு, அதாவது 1930-லிருந்து, அந்த வனத்தை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். பட்டா நிலத்து வருமானமும் வெளிநாட்டுச் சம்பளமும் வரும் வீடுகள் நிறைந்த ஊரில் இது லேசில்லை. என்றாலும் மனு கிராம சபையில்தான் தொடங்குகிறது. பெரியவர்களின் வாக்குமூலமும் பழைய ஆவணங்களுமாகக் குறைந்தது இரண்டு சான்று தேடுங்கள்.

இன்னொன்று. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வதும் அதே 1972 சட்டத்தில் இருக்கிறது, 33ஏ பிரிவு. ஊசி போடாத மாட்டை உள்ளே விட எந்த அனுமதியும் உதவாது. கால்நடை மருந்தகத்தில் சீட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.